டிப்போ ஊரில் ஒரு விகாரை

1954 டிசம்பர் 25 அன்று, புனேக்கு அருகே உள்ள தேஹு ரோட்டில் அம்பேத்கர் ஒரு புத்தர் சிலையை நிறுவினார். ரங்கூனில் நடந்த உலக பௌத்த மாநாட்டுக்குப் போய்த் திரும்பி அதிக நாள் ஆகியிருக்கவில்லை. சிலையும் அங்கிருந்து வந்ததுதான். பண்டரிபுரத்து விட்டலர் உண்மையில் புத்தரே என்றும், அதை ஆய்வாக எழுதி நிறுவப்போவதாகவும் அன்றைய பேச்சில் சொன்னார். துக்காராம் பிறந்த தேஹு அங்கிருந்து சில கிலோமீட்டர் தூரம். விட்டலரைத் தரிசிக்க வார்க்கரி பக்தர்கள் பல்லக்கோடு புறப்படும் ஊருக்குப் பக்கத்தில் நின்று இப்படிச் சொல்வதற்குத் துணிச்சல் வேண்டும், கொஞ்சம் குறும்பும் வேண்டும். ஆனால் அம்பேத்கரும் அவரைப் பின்பற்றியவர்களும் பௌத்தம் தழுவிய வரலாற்றை எழுதுகிறவர்கள், மதமாற்றம் நடந்த 1956 அக்டோபர் 14-க்கும் நாக்பூருக்கும் நேராகப் போய்விடுகிறார்கள். தேஹு ரோட்டுக்கு ஒரு வரி கிடைத்தால் பெரிது. அந்த இடம் ஏன் தேஹு ரோடாக இருந்தது என்ற கேள்வி இதனால் கேட்கப்படாமலே போகிறது. அது ராணுவ டிப்போவைச் சுற்றி வளர்ந்த ஊர் என்பதில்தான் பதில் இருக்கிறது என்பது என் வாதம்.

மராட்டிய கிராமத்தில் அம்பேத்கர் பிறந்த மஹார் சாதிக்கென்று ஒதுக்கப்பட்டிருந்த வதன் என்னும் பரம்பரை ஊர்வேலை எப்படிப்பட்டது என்று பார்த்தால் இது விளங்கும். செத்த மாட்டை இழுத்துப்போட வேண்டும். இழவுச் செய்தியை அடுத்த ஊர் உறவினருக்கு நடந்தே போய்ச் சொல்ல வேண்டும். வரிப்பணம் கஜானாவுக்குப் போகும்போது காவலாக ஓட வேண்டும். எல்லைத் தகராறு வந்தால் எல்லை எது என்று சாட்சி சொல்ல வேண்டும். கூலி என்று கையில் காசு விழாது. ஒரு துண்டு நிலம், அறுவடையில் கொஞ்சம் தானியம், வீட்டு வாசல்களில் நின்று வாங்கும் பாக்ரி, இவ்வளவுதான். யாரை எதிர்க்க வேண்டுமோ அவர் வாசலில்தான் மறுநாள் ரொட்டிக்கு நிற்க வேண்டும். பம்பாய் அரசு 1928-ல் அமைத்த ஸ்டார்ட் குழு 1930-ல் இதைப் பதிவு செய்தது. அம்பேத்கரும் அதில் உறுப்பினர். தீண்டத்தகாதோர் உரிமை கேட்ட மாத்திரத்தில் மேல்சாதியார் வேலையை நிறுத்துவார்கள், நிலத்தைப் பிடுங்குவார்கள். பொருளாதாரத்தில் சொந்தக் கால் இல்லாதவர்களுக்கு எதிராக ஊர்விலக்கு பெரிய ஆயுதம் என்று அந்தக் குழு கண்டது. அம்பேத்கர் 1928-லேயே வதன் முறையை மாற்ற பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தவர். கீழ்நிலை கிராம வதன்களை ஒழிக்கும் சட்டம் அவர் இறந்த பிறகு, 1958-ல்தான் வந்தது.

இந்தப் பிடியிலிருந்து வெளியேற இருந்த சில வழிகளில் பட்டாளம் ஒன்று. அம்பேத்கரின் தந்தை ராம்ஜி சுபேதார். மஹார்களைப் படையில் சேர்ப்பதை வெள்ளையர்கள் 1890-களில் நிறுத்தியபோது மனு எழுதிய கோபால் பாபா வலங்கர் ஓய்வுபெற்ற படைவீரர். 1927-ல் குளத்துத் தண்ணீருக்காகச் சத்தியாகிரகம் நடந்த மஹாட் வட்டாரமும் ராணுவப் பென்ஷன்காரர்கள் நிறைந்ததுதான். இரண்டாம் உலகப் போர் இந்த வழியை அகலமாக்கியது. மஹார் ரெஜிமெண்ட் 1941-ல் மீண்டும் உருவானது; தேஹு ரோடு போன்ற இடங்களில் டிப்போக்களும் வெடிமருந்துக் கிடங்குகளும் எழுந்தன. மராட்டியர், தமிழர், தெலுங்கர் என்று பலரும் அங்கே வந்து குடியேறினார்கள். மாதச் சம்பளம் சர்க்காரிடமிருந்து வந்தது. ஊர்த்தலைவரான பாட்டீலுக்கு அதில் கை வைக்க முடியாது.

அதே காலத்து அமெரிக்காவோடு வைத்துப் பார்த்தால் இது தனிக்கதை இல்லை என்று தெரிகிறது. ரயில்களில் படுக்கைப் பெட்டி ஊழியர்களாக இருந்த கறுப்பர்களைத் தொழிற்சங்கமாகத் திரட்டிய ஏ. பிலிப் ராண்டால்ஃப், 1941-ல் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்துவோம் என்று அறிவித்ததும், அதிபர் ரூஸ்வெல்ட் போர்த் தளவாடத் தொழில்களில் இனப் பாகுபாட்டைத் தடைசெய்து ஆணை போட்டார். மாண்ட்கோமரி பஸ் புறக்கணிப்பை 1955 டிசம்பரில் முன்னின்று மூட்டிய ஈ.டி. நிக்சன் அந்தச் சங்கத்துக்காரர். அவர் சம்பளம் உள்ளூர் வெள்ளையர் யார் கையிலும் இல்லை. மார்ட்டின் லூதர் கிங்குக்குச் சம்பளம் கொடுத்தது அவருடைய சபை. பஸ்ஸில் இருக்கையை விட மறுத்துக் கைதாகி அந்தப் புறக்கணிப்புக்குக் காரணமான ரோசா பார்க்ஸ் வேலை பார்த்ததோ உள்ளூர் டிபார்ட்மெண்ட் ஸ்டோரில். புறக்கணிப்பு தொடங்கிய அடுத்த மாதமே வேலை போனது.

இதற்கு மறுப்பு சொல்லலாம். மிசிசிப்பியில் பிறர் நிலத்தில் பருத்தி எடுத்த ஃபேன்னி லூ ஹேமர், 1962-ல் வாக்காளராகப் பதியப் போனதற்காகத் தோட்டத்தை விட்டுத் துரத்தப்பட்டார். அதற்குப் பிறகுதான் அவர் கறுப்பர் உரிமை இயக்கத்தின் பெருங்குரல் ஆனார். நம் கிராமங்களிலும் பாக்ரிக்கு நின்றவர்கள் எதிர்த்து நின்றதுண்டு. உண்மைதான். துணிவு சம்பளத்தில் பிறப்பது என்று நான் சொல்லவில்லை. துரத்தப்பட்டவரைத் தாங்கிப் பிடிக்க ஓர் அமைப்பு வேண்டும். அந்த அமைப்பின் சந்தாவும் கட்டடமும் எங்கிருந்தோ வர வேண்டும். அது பெரும்பாலும் ஊராரைச் சாராத வருமானத்திலிருந்தே வந்திருக்கிறது. தமிழர் கதையிலும் இதுவே நடந்தது. அயோத்திதாசர் 1898-ல் தொடங்கிய சாக்கிய பௌத்த சங்கம் வேர்விட்ட இடங்களில் முக்கியமானது கோலார் தங்கவயல். கழனி வேலையை விட்டுச் சுரங்கத்துக்குப் போனவர்கள் அங்கே கூலிக்காசில் பௌத்தத்தை வளர்த்தார்கள், நாக்பூருக்கு அரை நூற்றாண்டு முன்னால். நாக்பூரிலும் பஞ்சாலைத் தொழிலாளர்கள் இல்லாமல் இயக்கம் இல்லை.

இன்னொரு மறுப்பு கனமானது. சர்க்கார் சம்பளம் ஆளை அடக்கிவிடாதா? அரசு ஊழியர் அரசியலில் இறங்க நடத்தை விதிகள் விடுவதில்லை. தேஹு ரோட்டில் எழுந்தது ஊர்வலமோ மறியலோ இல்லை, ஒரு விகாரை. அதற்கே இந்தக் கட்டுப்பாடும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனாலும் அடங்கிப்போனார்கள் என்று சொல்ல முடியாது. பட்டியல் சாதிகள் பற்றிய 1950-ம் ஆண்டு ஆணை, இந்துவாக இருப்பவருக்கே அந்தத் தகுதி என்றது. 1956-ல் பௌத்தரான மத்திய அரசு ஊழியர் பட்டியல் சாதிச் சலுகையை இழந்தார். பதவி உயர்வும் பிள்ளைகளின் வேலையும் அதில் அடக்கம். ஆணை திருத்தப்பட்டது 1990-ல். 34 ஆண்டுகள். நஷ்டம் தெரிந்தும் மதம் மாறினார்கள். ஊர்விலக்குக்குப் பட்டினி கிடப்பதும், சம்பளம் வாங்கிக்கொண்டு சலுகையை விடுவதும் ஒன்றில்லை. முதலாவது ஒரு வாரத்தில் ஆளை முறித்துவிடும், இரண்டாவதைத் தாங்கிக்கொண்டு ஒரு தலைமுறையை வளர்க்கலாம். 1972-ல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அமைப்பைத் தொடங்கிய இளைஞர்களும் அமெரிக்கக் கறுப்பர்களிடமிருந்து பெயரை எடுத்துக்கொண்டபோது, அவர்களுக்குப் பின்னால் இப்படி நகரத்தில் காலூன்றிய ஒரு தலைமுறை இருந்தது.

தேஹு ரோடு இன்று தம்மபூமி என்று அழைக்கப்படுகிறது; டிசம்பர் 25-ல் கூட்டம் கூடுகிறது. ஆனால் அந்தக் கூட்டத்தைச் சாத்தியமாக்கிய நிரந்தரச் சர்க்கார் வேலை தேய்ந்து வருகிறது. அங்குள்ள வெடிமருந்துத் தொழிற்சாலை 2021 அக்டோபரில் மற்ற ராணுவத் தளவாடத் தொழிற்சாலைகளோடு கார்ப்பரேஷனாக மாற்றப்பட்டது. சுற்றியுள்ள சாகண், பிம்பிரி ஆலைகளில் வேலை பெரும்பாலும் காண்ட்ராக்டர் மூலம். அங்கே இடஒதுக்கீடு கிடையாது, நாளை வர வேண்டாம் என்று சொல்ல ஒரு போன் போதும்.