குருதி சொல்லும் குறி

பெருந்துறைக்கு அருகே 'சானடோரியம்' என்ற ஆங்கிலச் சொல்லே ஊர்ப்பெயராய் நிலைத்துவிட்ட ஓரிடம் உண்டு. காசநோயாளரைத் தங்கவைத்துப் பேணிய மருத்துவமனை அங்கிருந்தது. இன்று அவ்வளாகத்தில் அரசு மருத்துவக் கல்லூரி நடக்கிறது. கொங்கு நாட்டு நுரையீரலின் வரலாற்றை எழுதப் புகுவோர் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறது.

நுரையீரலின் கதியைக் குருதியில் படிக்கும் கலை காசநோயிலேயே பயின்றது. 1921இல் சுவீடன் மருத்துவர் வெஸ்டர்கிரென், நோயாளியின் இரத்தத்தை உறையாதபடி செய்து, கோடிட்ட நெடிய கண்ணாடிக் குழாயில் நிறுத்தினார். ஒரு மணி நேரத்தில் சிவப்பணுக்கள் எத்தனை மில்லிமீட்டர் இறங்கின என்று அளந்தார். அழற்சி மிகுந்தால் அணுக்கள் நாணய அடுக்குபோல ஒட்டிக்கொண்டு விரைந்து படியும். இன்றும் நம் ஆய்வகச் சீட்டுகளில் 'ஈ.எஸ்.ஆர்.' என்று வருவது அதுதான்.

1933இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் எவார்ட்ஸ் கிரஹாம், புற்றுநோய் கண்ட ஒரு மருத்துவரின் நுரையீரல் ஒன்றை முழுதாக அகற்றி வெற்றி கண்டார். நம் பக்கத்தில், 1949இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ரீவ் பெட்ஸ் நெஞ்சறுவைத் துறையைத் தொடங்கினார். கத்தி தேர்ந்தது, ஆனால் அறுவைக்குப்பின் யார் தேறுவார் என்ற கேள்வி தேறவில்லை.

விடை தேடியவர்கள் மீண்டும் குருதிக்கே வந்தனர். 1984இல் ஜப்பானின் ஒனோடெரா, வயிற்று அறுவை நோயாளருக்காக ஒரு கணக்கு வகுத்தார்: அல்புமின் கிராம் அளவைப் பத்தால் பெருக்கி, லிம்போசைட் எண்ணிக்கையில் இருநூற்றில் ஒரு பங்கைக் கூட்டவேண்டும். அல்புமின் 3.5, லிம்போசைட் 1500 என்றால் விடை 42.5. நாற்பதுக்குக் கீழே போனால் குடலை வெட்டி இணைப்பது ஆபத்து என்றார் அவர். 2003இல் கிளாஸ்கோ ஆய்வாளர்கள், அறுவைக்கு அப்பாற்பட்ட நுரையீரல் புற்றுநோயில், சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தையும் அல்புமினையும் சேர்த்து மதிப்பெண் இட்டனர். நியூட்ரோபிலை லிம்போசைட்டால் வகுக்கும் எளிய விகிதமும் பின்னர் சேர்ந்தது. இவற்றை நுரையீரல் அறுவைக்கு முன் பார்த்த ஆய்வுகள் பலவும் ஒன்றையே சொல்கின்றன: அழற்சி மிகுந்தோர், ஊட்டம் குறைந்தோர் சராசரியில் பின்தங்குகின்றனர்.

'சராசரியில்' என்ற சொல்லில் நாம் சற்று நிற்கவேண்டும். 1888இல் ஸ்டேன்ஸ் தொடங்கிய ஆலையும், 1930களில் பைக்காரா மின்சாரத்தால் பெருகிய ஆலைகளும் கோவைக்குச் சோறிட்டன. பஞ்சுத் தூசையும் ஊட்டின. அதனோடு பீடியும் காசநோயும் சேர்ந்த நெஞ்சு நம்முடையது. பழைய காசம் மறுபடி கிளர்ந்தாலும் சி.ஆர்.பி. ஏறும், அல்புமின் இறங்கும். சிங்காநல்லூர் ஆலைத்தொழிலாளி ஒருவரின் சீட்டில் அந்த எண் கட்டியைச் சொல்கிறதா, காசத்தைச் சொல்கிறதா, அரைவயிற்றைச் சொல்கிறதா? எல்லைக்கோடுகளோ ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. பெரும்பாலும் பிற நாட்டு உடல்களில் வரையப்பட்டவை. அந்த எண்ணை மட்டும் நம்பி 'அறுவை வேண்டாம்' என்றால், தொடக்க நிலையில் பிடிபட்ட நோயாளி பிழைக்கும் வாய்ப்பையே இழப்பார்.

நோயின் படிநிலை, மூச்சுத்திறன், இதயத்தின் வலு ஆகியவையே முடிவுக்கு அடிப்படை. குருதியின் எண் தீர்ப்பன்று, எச்சரிக்கை. மறைந்திருக்கும் காசத்தைத் தேடவும், பீடியை நிறுத்தவும், உணவாலும் மூச்சுப் பயிற்சியாலும் உடலைத் தேற்றவும் அது சொல்கிறது.

கிரஹாமின் நோயாளி முப்பது ஆண்டுகள் வாழ்ந்தார். புகைபிடித்து வந்த கிரஹாமோ 1957இல் நுரையீரல் புற்றுநோயால் மறைந்தார். எந்தக் குழாயும் இதை முன்னுரைத்திருக்காது. குறி கேட்கப் போகும் நம் ஊரார் பரிகாரமும் கேட்காமல் திரும்புவதில்லை. குருதியிடம் குறி கேட்போரும் அவ்வாறே செய்யவேண்டும்.