பங்கும் அனுமதிப்பத்திரமும்: இலங்கைக் காடுகளில் வேட்டை வாடியின் வரலாறு

இலங்கைத் தமிழில் 'வாடி' என்னும் சொல்லுக்கு இருவகை வாழ்வு உண்டு. கடற்கரையிலே மீனவரும், காட்டினுள்ளே வேட்டைக்கோ மரந்தறிக்கவோ செல்வோரும் சில நாட்கள் தங்குவதற்கு அமைக்கும் தற்காலிகக் குடில் வாடி எனப்படும். பிரித்தானியர் ஆட்சியில் உத்தியோகத்தரும் பிரயாணிகளும் தங்குவதற்கென நெடுஞ்சாலைகளில் எழுந்த அரசாங்க விடுதிகளுக்கும் தமிழ் மக்கள் 'வாடிவீடு' என்றே பெயரிட்டனர். ஓலைக் குடிலையும் ஓட்டுக் கட்டடத்தையும் ஒரே சொல்லால் சுட்டிய இவ்வழக்கு தற்செயலானதாகவே இருக்கலாம். ஆயினும் காட்டில் கூடித் தங்கி வேட்டையாடும் மரபு இந்நாட்டில் எவ்வாறு ஒரு கையிலிருந்து மற்றொரு கைக்கு மாறியது என்பதை ஆராய முற்படுபவருக்கு அச்சொல்லே நல்லதொரு தொடக்கமாகின்றது.

வேட்டை வாடி பற்றிய வரலாறு பெரும்பாலும் துப்பாக்கிகளின் வரலாறாகவும், கொல்லப்பட்ட விலங்குகளின் எண்ணிக்கையாகவுமே எழுதப்பட்டு வந்துள்ளது. உண்மையில் ஒரு வாடியின் தன்மையைத் தீர்மானிப்பது அங்கு விலங்கு எவ்வாறு வீழ்த்தப்பட்டது என்பதன்று. வீழ்ந்த விலங்கு யாருக்குரியது, அதன் இறைச்சி யார் யாரைச் சென்றடைந்தது என்பதேயாகும்.

இவ்வகையில் முதலில் நோக்கத்தக்கவர் வேடர். 1660 தொடக்கம் 1679 வரை கண்டி இராச்சியத்தில் சிறைப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில் வேடர் பற்றித் தரும் குறிப்புகள் சிலவே எனினும் அவை மிகப் பெறுமதியானவை. அவர்கள் இறைச்சியைத் தேனுடன் சேர்த்து மரப்பொந்தில் இட்டு அடைத்து வைத்துப் பின்னர் எடுத்து உண்டனர் என்கிறார். அம்பு முனை தேவைப்பட்டபோது இரவிலே கொல்லன் பட்டறைக்கு வந்து, வேண்டிய வடிவில் வெட்டிய இலையையும் அதனுடன் இறைச்சியையும் தொங்கவிட்டுச் சென்றனர் என்றும், கொல்லன் அதனைச் செய்துவைத்தால் மேலும் இறைச்சி கொணர்ந்தனர் என்றும், செய்யாது விட்டால் என்றேனும் இரவிலே அம்பெய்து அவனுக்குத் தீங்கு விளைவிப்பர் என்றும் கூறுகிறார். காட்டு வாடியின் இறைச்சி கிராமத்துக் கொல்லன் வரை சென்ற இவ்வழியைக் கருதும்போது, வேடர் உலகத் தொடர்பற்றுத் தனித்து வாழ்ந்தவர் என்ற கருத்து அவ்வளவு உறுதியாக நிற்பதில்லை. பிற்காலத்தில் முஸ்லிம் வியாபாரிகள் துணியும் பிற பண்டங்களும் கொடுத்து வேடரிடம் தேனும் காய்ந்த இறைச்சியும் கொம்பும் பெற்றனர் என்பதும் இதனோடு சேர்த்து மனங்கொள்ளத்தக்கது.

1907-08ஆம் ஆண்டுகளில் வேடரிடையே ஆய்வு நடத்திய செலிக்மன் தம்பதியினரின் 'வேடர்' என்னும் நூல் 1911இல் வெளிவந்தது. வேட்டைச் சமுதாயமாக எஞ்சியிருந்த சில குழுக்களையே அவர்களால் காண முடிந்தது. ஹெனெபெத்தவைச் சேர்ந்த வேடர் தங்கிய பெண்டியகல்கே என்னும் கற்குகை பற்றிய அவர்களது விவரணம் தனிக்கவனத்திற்குரியது. பல குடும்பங்கள் ஒரே குகையில் தங்கின. சுவரோ தட்டியோ இல்லாதபோதும் ஒவ்வொரு குடும்பமும் தனக்குரிய பகுதியை விட்டு நகரவில்லை. இடம் இவ்வாறு பிரிந்திருக்க, வேட்டையில் கிடைத்த இறைச்சி குழுவினரிடையே பகிரப்பட்டது. வேட்டை நிலங்களும் எல்லையற்றவையல்ல. எந்தக் குன்று, எந்தக் காடு எக்குழுவிற்குரியது என்பது அனைவரும் அறிந்ததே. ஒருவரது நிலத்தில் அம்பு தைத்த விலங்கு அயலவர் நிலத்தில் சென்று வீழ்ந்தால், அந்நிலத்திற்குரியவருக்கும் ஒரு பங்கு உண்டு. வேடரிடம் உடைமை என்ற எண்ணமே இருக்கவில்லை எனச் சிலர் எழுதியிருப்பது இதனால் பொருந்தாது. அவர்களிடம் உடைமை இருந்தது. அது பங்கிடும் கடமையோடு பிணைந்திருந்தது.

வேட்டைக்குத் துணை நின்ற தெய்வம் 'கந்தே யக்கா'. வாழ்ந்த காலத்தில் சிறந்த வேட்டைக்காரனாக விளங்கியவனே இறந்தபின் இவ்வாறு வழிபடப்பட்டான் என்பது வேடர் நம்பிக்கை. கிரிகொரஹா என்னும் சடங்கில் தேங்காய்ப்பால் நிறைந்த பானையைச் சுற்றி ஆடும் பூசாரி, தெய்வமேறிய நிலையில் நிலத்தைக் குனிந்து நோக்கி, மரையின் அடிச்சுவட்டைத் தொடர்வது போல ஆடுவான். வேட்டை வாய்த்தபின் இறைச்சியில் ஒரு பகுதி கந்தே யக்காவுக்கும் அவன் தம்பி பிலிந்தி யக்காவுக்கும் படைக்கப்பட்டு, பின்னர் கூடியிருந்தோரால் உண்ணப்பட்டது. பங்கு பெறுவோர் வரிசையில் இறந்தோரும் இருந்தனர் எனலாம். வடக்கே வன்னியிலும் அதனை அடுத்த காடுகளிலும் காட்டுவழி செல்வோர் ஒரு குழையை முறித்து ஐயனாருக்குக் கட்டிவிட்டே உள்நுழைவர் என்பதை 1909இல் வெளிவந்த தமது நூலில் எச். பாக்கர் பதிவு செய்துள்ளார். காடு ஆளற்ற வெளியன்று, அதற்கு உரியவர் உளர் என்ற உணர்வே இரு வழக்கங்களிலும் காணப்படுவது.

அந்த உரியவரை மாற்றியது ஒரு சட்டம். 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடாகவோ பயிரிடப்படாத வெற்று நிலமாகவோ இருந்தவற்றை, மாறாக நிறுவப்படும் வரை முடிக்குரியவை எனக் கொண்டது. கோப்பித் தோட்டங்களுக்கு நிலம் பெறுவதே இதன் நோக்கம். மானைப் பற்றி எவரும் அப்போது சிந்தித்திருக்கமாட்டார். எனினும் நிலம் முடிக்குரியதானபின் அதில் மேயும் மான் கிராமத்தவனுக்கோ வேடனுக்கோ உரியது என வாதிடுவதற்குச் சட்டத்தில் இடம் இருக்கவில்லை.

இதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், 1848இல், சாமுவேல் பேக்கர் நுவரெலியாவில் குடியேறினார். பிற்காலத்தில் நைல் நதியின் ஊற்றைத் தேடிப் புகழ்பெற்ற அவர் இலங்கை வேட்டை பற்றி எழுதிய நூல்கள் 1850களில் வெளிவந்தன. மரையை ஆங்கிலேயர் 'எல்க்' எனத் தவறாகவே அழைத்தனர். வேட்டைநாய்கள் அதனைத் துரத்தி, அது ஓடையில் இறங்கித் திரும்பி எதிர்த்து நிற்கும்போது, பேக்கர் கத்தியுடன் நீரில் இறங்குவார். ஹோட்டன் சமவெளியில் அமைந்த அவரது முகாம்களும் கூட்டு முகாம்களே: நண்பர், நாய் பராமரிப்போர், சமையற்காரர், மலையேறிச் சுமை கொணர்ந்த கூலியாட்கள் எனப் பலர் அங்கிருந்தனர். சுமைகாரருக்கும் இறைச்சி கிடைத்திருக்கலாம். ஆனால் அது பங்கன்று, கொடை. பங்கைக் கேட்டுப் பெறலாம். கொடையைக் கேட்க முடியாது. குகைக்கும் கூடாரத்துக்கும் இடையிலான வேறுபாடு இதிலேதான் உள்ளது. அம்புக்கும் துவக்குக்கும் இடையில் அன்று.

துவக்கும் தோட்டமும் பெருகப் பெருக விலங்குகள் அருகின. 1872இலும் 1891இலும் வேட்டைவிலங்குகளின் அழிவைத் தடுக்கும் கட்டளைச் சட்டங்கள் இயற்றப்பட்டன. 1894இல் தோட்டத்துரைமாரும் அதிகாரிகளும் சேர்ந்து வேட்டைவிலங்குப் பாதுகாப்புச் சங்கத்தை நிறுவினர். விலங்கைக் காக்க முன்வந்தவர் வேட்டைக்காரரே என்பதை எள்ளி நகையாடுவது எளிது. அது நீதியாகாது. அவர்களது முயற்சியின்றி இத்தீவின் சரணாலயங்கள் அவ்வளவு விரைவில் தோன்றியிரா. மேலும், கொம்பும் தோலும் காய்ந்த இறைச்சியும் விற்பனைப் பொருள்களானபின், கிராமத்து வேட்டையும் முன்போல உணவுத் தேவைக்குள் அடங்கியிருக்கவில்லை. ஆனால் இச்சட்டங்கள் அழிவைத் தடுத்ததோடு நில்லாது வேட்டையை இரண்டாகவும் வகுத்தன. அனுமதிப்பத்திரமும் பருவகாலமும் அறிந்து வாடிவீட்டில் தங்கி வேட்டையாடுபவர் விளையாட்டு வீரர். கோடையில் வற்றிய குளக்கரையிலே பரண் கட்டி, சுட்ட மானை வத்தலாக்கி ஊருக்குக் கொண்டுசெல்பவன் களவு வேட்டைக்காரன். 1900இல் யால சரணாலயமாக்கப்பட்டபோது அதனையடுத்த ஒரு பகுதி உள்நாட்டில் வதியும் 'விளையாட்டு வீரர்'களின் வேட்டைக்கென ஒதுக்கப்பட்டமை இவ்வகுப்பை வரைபடத்திலேயே காட்டுகின்றது.

யாலவின் முதற் காவலராக 1908இல் நியமனம் பெற்றவர் எங்கெல்பிறெக்ற் என்னும் போயர். தென்னாபிரிக்கப் போரில் கைதியாகி இங்கு கொணரப்பட்டு, பிரித்தானிய முடிக்கு விசுவாசச் சத்தியம் செய்ய மறுத்தமையால் நாடு திரும்ப இயலாது போனவர் அவர். அம்முடியின் மான்களையே காக்கும் பணி அவருக்குக் கிடைத்தது! முதலாம் உலகப்போரில், ஜேர்மானியரின் எம்டன் கப்பலுக்கு இறைச்சி வழங்கினார் என்ற பொய்ச் சந்தேகத்தின் பேரில் அவர் சிறைவைக்கவும்பட்டார்.

அதே காலத்தில், 1908 முதல் 1911 வரை, அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராக விளங்கியவர் லெனாட் வூல்ஃப். 1913இல் வெளிவந்த 'காட்டிலுள்ள கிராமம்' என்ற அவரது நாவலில் சில்லிந்து வேட்டையும் சேனையும் கொண்டு பிழைப்பவன். சேனை அனுமதிப்பத்திரம் கிராமத் தலைமைக்காரனின் கையில் எவ்வாறு ஓர் ஆயுதமாகின்றது என்பதை, அத்தகைய பத்திரங்களின் நிர்வாகத்தோடு தொடர்புற்ற ஓர் அதிகாரியே எழுதியமைதான் அந்நாவலின் வலிமை.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க விலங்கின தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும், 1938இல் உருவான யால, வில்பத்து தேசியப் பூங்காக்களும் சுதந்திரத்தின் பின்னரும் தொடர்ந்தன. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் நீர்த்தேக்கம் வேடரின் பழைய நிலங்களிற் பலவற்றை மூழ்கடித்தது. எஞ்சிய காட்டில் ஒரு பகுதி 1954இல் கல்லோயா தேசியப் பூங்காவாயிற்று. 1983 நவம்பரில் மகாவலித் திட்டத்தின் தொடர்பில் மதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது தம்பனைப் பகுதி வேடர் தம் வேட்டை நிலத்திலேயே அத்துமீறியோராயினர். பலர் ஹெனானிகலவில் நீர்ப்பாசனக் காணிகளில் குடியேற்றப்பட்டனர். தலைவர் திசாஹாமி பெயர மறுத்துக் கோட்டபகினியாவிலேயே தங்கி 1998இல் காலமானார். நீர்த்தேக்கங்களின் நீரேந்து பகுதியும் யானைகளும் காக்கப்படவேண்டியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் காட்டை அழித்தவை தோட்டங்களும் அணைகளும் குடியேற்றங்களும் ஆக, காட்டைக் காப்பதற்கான விலையை வில்லேந்தியவர் செலுத்தினர். 1840இன் சட்டம் நிலத்தை எடுத்தது. 1983இன் பிரகடனம் அதில் நடக்கும் உரிமையையும் எடுத்தது.

வாகரை முதலான கிழக்குக் கரையோரப் பகுதிகளில் தமிழ் பேசும் வேடர், செலிக்மன் கண்ட காலத்திலேயே மீன்பிடியை மேற்கொண்டிருந்தனர். அவர்களிடத்தில் வாடி காட்டைவிட்டுக் கடலோரம் சென்றுவிட்டது.

ஹோட்டன் சமவெளியில் ஆங்கிலேயர் வேட்டைக்குக் கூடிய விடுதிகளுள் ஒன்று, தோட்டத்துரையும் பாதுகாப்புச் சங்கத்தில் ஈடுபாடு கொண்டவருமான தோமஸ் ஃபாரின் பெயரைத் தாங்கிய ஃபார் இன். 1969இல் இயற்கை ஒதுக்கமாகி 1988இல் தேசியப் பூங்காவான அச்சமவெளியில் அவ்விடுதி இன்று பார்வையாளர் நிலையமாக உள்ளது. நாய்கள் துரத்திய மரைகளின் வழிவந்த மரைகள் அதன் வாகனத் தரிப்பிடத்திற்கே வந்து, சுற்றுலாப் பயணிகள் நீட்டும் உணவை வாங்கி உண்கின்றன.