மேசைக்கணினிச் செயலிழப்பு: காரணங்களும் கண்டறியும் முறையும்

மேசைக்கணினிச் செயலிழப்பு என்பது, இயங்கிக்கொண்டிருக்கும் கணினி பயனர் கட்டளை ஏதுமின்றி உறைந்துபோவதையும், அணைந்துபோவதையும், தானாக மறுபடி தொடங்குவதையும் குறிக்கும். ‘ஹேங் ஆகிறது’, ‘தானே ரீஸ்டார்ட் ஆகிறது’, ‘புளூ ஸ்கிரீன் வருகிறது’ என்று பேச்சில் சொல்லப்படுபவை இதன் மூன்று வடிவங்கள். மாதக்கணக்கில் நன்றாக ஓடும் கணினி ஒரே ஒருமுறை நின்றுவிட்டால் ஆராயத் தேவையில்லை. வாரத்துக்குப் பலமுறை நின்றால், மின்சாரம், வெப்பம், உறுப்புகள், டிரைவர்கள் ஆகியவற்றுள் ஏதோ ஒன்றில் நிலையான பழுது இருக்கிறது என்பது உறுதி.

இந்தப் பழுதைத் தேடுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று. திரையில் தோன்றும் பிழைச்செய்தி, இயக்கம் எந்த இடத்தில் முறிந்தது என்பதை மட்டுமே சொல்கிறது. எதனால் முறிந்தது என்பதைச் சொல்வதில்லை. கெட்டுப்போன ரேம் ஒரு டிரைவரின் பெயரில் பிழை காட்டும். மின்சாரக் குறைபாடு கிராஃபிக்ஸ் கார்டின் பழுதுபோலத் தோன்றும். செய்தியை மட்டும் நம்பி உறுப்புகளை ஒவ்வொன்றாக வாங்கி மாற்றுபவர்கள் பணத்தை இழந்த பிறகும் பழுதோடுதான் இருக்கிறார்கள்.

செயலிழப்பின் வகைகள்

முதல் வகை, இயக்கமுறைமை தானே முடிவெடுத்து நிற்பது. கெர்னல் எனப்படும் மையப்பகுதியில் சரிசெய்ய முடியாத பிழை நேர்ந்தால், மேற்கொண்டு இயங்கித் தரவுகளைக் கெடுத்துவிடாமலிருக்க விண்டோஸ் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு ஒரு பிழைக் குறியீட்டைக் காட்டுகிறது. 1993-இல் வெளிவந்த விண்டோஸ் என்டி 3.1 முதல் இந்தத் திரை நீலமாக இருந்தது. 2025-இல் விண்டோஸ் 11-இல் மைக்ரோசாஃப்ட் அதைக் கறுப்பாக மாற்றியது. லினக்ஸிலும் மேக்கிலும் இதற்குக் கெர்னல் பேனிக் என்று பெயர்.

இரண்டாம் வகை, எந்தச் செய்தியும் இல்லாமல் திடீரென அணைவது அல்லது மறுபடி தொடங்குவது. இங்கே இயக்கமுறைமைக்கு எதையும் எழுதிவைக்க நேரமே கிடைப்பதில்லை. மின்வழங்கியும் மிகைவெப்பமும் முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியவை.

மூன்றாம் வகை, திரை அப்படியே உறைந்துபோவது. விசைப்பலகையின் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்து அணைகிறதா என்று பார்த்தால் ஒரு குறிப்பு கிடைக்கும். அது வேலை செய்தால் உள்ளே இயக்கம் உயிரோடிருக்கிறது. திரையையோ ஏதேனும் ஒரு செயலியையோதான் ஆராய வேண்டும். விளக்கு அசையாவிட்டால் முழுக் கணினியும் நின்றுவிட்டிருக்க வாய்ப்பு அதிகம்.

முதல் வகையை இரண்டாம் வகையாக எண்ணி ஏமாறுவது மிகச் சாதாரணம். விண்டோஸ் இயல்பாகவே பிழைத்திரை தோன்றிய சில நொடிகளில் மறுதொடக்கம் செய்துவிடும். ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ அமைப்பில் தானியங்கி மறுதொடக்கத்தை நீக்கிவிட்டால் திரை அப்படியே நிற்கும். குறியீட்டை நிதானமாக எழுதிக்கொள்ளலாம்.

பதிவுகள் சொல்வது

விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் ‘கெர்னல் பவர் 41’ என்ற பதிவைப் பார்த்ததும் மின்வழங்கி கெட்டுவிட்டது என்று பலர் முடிவு கட்டுகிறார்கள். அந்தப் பதிவின் பொருள், முந்தைய முறை கணினி முறைப்படி மூடப்படவில்லை என்பது மட்டுமே. அதன் விவரத்தில் பிழைக் குறியீடு சுழியமாக இருந்தால், கெர்னல் எதையும் பதியுமுன் எல்லாம் நின்றுவிட்டது என்று கொள்ளலாம். ‘வீயா லாகர்’ என்ற பெயரில் பதிவுகள் இருந்தால் பிராசஸரே வன்பொருள் பிழையை அறிவித்திருக்கிறது. அதை அலட்சியப்படுத்தக் கூடாது.

விண்டோஸ் கோப்புறைக்குள் உள்ள ‘மினிடம்ப்’ கோப்புகள் ஒவ்வொரு பிழைத்திரையின் நிலையையும் சேமித்து வைக்கின்றன. ஒரு கோப்பைத் தனியாகப் படிப்பதைவிட, ஐந்தாறு கோப்புகளை அருகருகே வைத்துப் பார்ப்பதே பயனுள்ளது. ஒவ்வொரு முறையும் ஒரே டிரைவரின் பெயர் வந்தால் அந்த டிரைவரையோ அது இயக்கும் கருவியையோ சந்தேகிக்கலாம். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு குறியீடு, வெவ்வேறு பெயர் என்று வந்தால் ரேம்தான் முதல் சந்தேகம், அடுத்தது பிராசஸர்.

மின்வழங்கி

எஸ்எம்பிஎஸ் என்று அழைக்கப்படும் மின்வழங்கி, 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்னோட்டமாக மாற்றித் தருகிறது. ஏடிஎக்ஸ் தரப்படி இவை 5 விழுக்காட்டுக்கு மேல் மாறலாகாது என்பது வழக்கமான எல்லை. அதாவது மஞ்சள் கம்பியில் 11.40 முதல் 12.60 வரையும், சிவப்புக் கம்பியில் 4.75 முதல் 5.25 வரையும் மல்டிமீட்டர் காட்ட வேண்டும். சும்மா இருக்கும்போது சரியாகக் காட்டி, கேம் தொடங்கியதும் 12 வோல்ட் சரியும் மின்வழங்கிகள் உண்டு. ஆகவே அளவீடு சுமை ஏறியிருக்கும்போது எடுக்கப்பட வேண்டும்.

கவனிக்கப்படாத இன்னொரு காரணம் யூபிஎஸ் மாறும் தருணம். மின்சாரம் போனதும் சாதாரண யூபிஎஸ் பேட்டரிக்கு மாறச் சில மில்லிநொடிகள் ஆகும். அந்த இடைவெளியை மின்வழங்கியின் உள்ளிருக்கும் மின்தேக்கிகள் தாங்க வேண்டும்; தரக்குறிப்பு ஏறத்தாழ 16 மில்லிநொடி தாங்கும்படி கேட்கிறது. மின்தேக்கிகள் முதுமையடைந்தால் இந்தத் தாங்குதிறன் குறைகிறது. விளக்கு ஒருமுறை சிமிட்டும்போதெல்லாம் கணினி ரீஸ்டார்ட் ஆவதற்கு யூபிஎஸ்ஸை மட்டும் குறைசொல்வது சரியன்று; பழைய எஸ்எம்பிஎஸ்ஸையும் சோதிக்க வேண்டும்.

வெப்பம்

இன்டெலின் பெரும்பாலான மேசைக்கணினிப் பிராசஸர்களுக்கு 100 பாகை செல்சியஸும், ஏஎம்டி ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றுக்கு 95 பாகையும் உச்சவரம்பு. அந்த வரம்பை எட்டியதும் பிராசஸர் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. அதையும் மீறிச் சூடேறினால் மின்சாரத்தைத் துண்டிக்கச் சொல்லிவிடுகிறது. இந்த அணைப்பு பெரும்பாலும் காரணத்தைச் சொல்லும் பதிவு எதையும் விட்டுச்செல்வதில்லை.

கேபினட்டைத் திறந்து மேலிருந்து பார்த்தால் பிராசஸர் விசிறி சுத்தமாகவே தெரியும். விசிறியைக் கழற்றினால்தான் அதற்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கும் இடையே கம்பளித் துணிபோலத் தூசு படிந்து காற்று புகும் வழியை அடைத்திருப்பது தெரியவரும். தூசை ஊதி எடுக்கும்போது விசிறி இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் அளவுமீறிச் சுழன்றால் அவை கெடக்கூடும். காய்ந்து உதிரும் தெர்மல் பேஸ்ட்டைத் துடைத்துப் புதிதாகத் தடவுவதும் இந்த நேரத்திலேயே செய்யத்தக்கது.

ரேம்

ரேம் பழுதின் அடையாளம் ஒழுங்கின்மை. இன்று உலாவி, நாளை விண்டோஸ், மறுநாள் விளையாட்டு என்று தொடர்பில்லாத இடங்களில் முறிவு ஏற்படும். சுருக்கப்பட்ட கோப்புகள் விரிக்கும்போது பிழை காட்டும். விண்டோஸை மறுபடி நிறுவும்போதே பாதியில் நிற்கும்.

இதைச் சோதிக்க 1994-இல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86-ம், அதிலிருந்து பிரிந்து வளர்ந்த மெம்டெஸ்ட்86 பிளஸ்ஸும் இன்றும் பயன்படுகின்றன. இவை விண்டோஸ் தொடங்குவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து இயங்குவதால் டிரைவர்களின் குறுக்கீடு இருக்காது. ஓரிரவு முழுவதும் ஓடவிட்டு ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பழுதுதான்.

பிழை வந்தால் ரேம் கெட்டுவிட்டது என்று உடனே முடிவு செய்யக் கூடாது. எக்ஸ்எம்பி, எக்ஸ்போ போன்ற வேக அமைப்புகளைப் பயாஸில் அணைத்து மறுபடி சோதிக்க வேண்டும். அப்போது பிழை நின்றால், அந்த வேகத்தை இந்த மதர்போர்டும் பிராசஸரும் ரேமும் சேர்ந்து தாங்கவில்லை என்பதே பொருள். அடுத்ததாக ஒரு ரேமை மட்டும் பொருத்தி, ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொன்றாக மாற்றிச் சோதித்தால், பழுது ரேமிலா ஸ்லாட்டிலா என்பது தெளிவாகும். ரேமின் பொன்பூச்சு முனைகளை ரப்பரால் தேய்ப்பது பழுதுபார்ப்போர் பலரின் வழக்கம். அது மெல்லிய பூச்சைத் தேய்த்துத் துகளையும் விட்டுச்செல்லும் என்பதால், ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியே நல்லது.

2009-இல் கூகுளின் சேவையகங்களை ஆராய்ந்த பியாங்கா ஷ்ரோடரும் உடன் ஆய்வாளர்களும், ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்றில் ஒரு கணினியில் குறைந்தது ஒரு ரேம் பிழையாவது நேர்வதாகக் கண்டனர். சேவையகங்களில் அவற்றைத் திருத்தும் ஈசிசி வசதி உண்டு. வீட்டுக் கணினிகளில் பெரும்பாலும் இல்லை.

டிரைவர்களும் மென்பொருளும்

சாதாரணச் செயலி முறிந்தால் அது மட்டுமே மூடும். கெர்னலுக்குள் இயங்கும் டிரைவர் முறிந்தால் முழுக் கணினியும் நிற்கும். விண்டோஸ் விஸ்டா வெளிவந்த 2007-இல் பதிவான முறிவுகளுள் ஏறத்தாழ 29 விழுக்காடு என்விடியா டிரைவர்களால் நேர்ந்தவை என்று, பின்னர் ஒரு வழக்கில் வெளியான மைக்ரோசாஃப்ட் ஆவணம் காட்டியது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான ஒரு தரவுக்கோப்பு, மைக்ரோசாஃப்ட்டின் மதிப்பீட்டின்படி சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை நிறுத்தியது. அவற்றுள் பலவற்றை, அடிப்படை டிரைவர்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் தொடங்கி அந்தக் கோப்பை நீக்கியே மீட்டெடுக்க வேண்டியிருந்தது.

சேஃப் மோடு வீட்டுப் பயனருக்கும் நல்ல உரைகல். அதில் மணிக்கணக்கில் கணினி நிலையாக ஓடினால் டிரைவர் மீதான சந்தேகம் வலுப்படும். அதிலும் நின்றால் வன்பொருளை நோக்கித் திரும்ப வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. விண்டோஸ் 8 முதல் உள்ள ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ காரணமாக, ஷட்டவுன் செய்தாலும் கெர்னலின் நிலை வட்டில் சேமிக்கப்பட்டு மறுநாள் அப்படியே திரும்ப ஏற்றப்படுகிறது. உண்மையான புதுத்தொடக்கம் வேண்டுமானால் ரீஸ்டார்ட் கொடுக்க வேண்டும்.

மதர்போர்டும் பிராசஸரும்

ஏறத்தாழ 1999 முதல் 2007 வரை தயாரான மதர்போர்டுகள் பலவற்றில், மின்பகுதிரவக் கலவை சரியில்லாத மின்தேக்கிகள் பொருத்தப்பட்டன. உள்ளே வாயு திரண்டு, தலையில் குறுக்குக்கோடு வெட்டப்பட்ட உலோக மூடி உப்பியது. சிலவற்றில் பழுப்புநிறக் கசிவு தெரிந்தது. கணினிகள் காரணமின்றி ரீஸ்டார்ட் ஆயின. பழுதான மின்தேக்கிகள் கொண்ட ஆப்டிபிளெக்ஸ் கணினிகளைச் சரிசெய்ய டெல் நிறுவனம் 2005-இல் 30 கோடி டாலரை ஒதுக்கியது. பழைய போர்டுகளில் பிராசஸரைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளின் தலை தட்டையாக இருக்கிறதா என்று பார்ப்பது இன்றும் முதல் வேலைகளுள் ஒன்று.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை மேசைக்கணினிப் பிராசஸர்களில் சில, தேவைக்கு மீறிய வோல்டேஜால் நாளடைவில் தேய்ந்து நிலைகுலைந்தன. பல விளையாட்டுகளில் தோன்றிய செய்தி ‘வீடியோ நினைவகம் போதவில்லை’ என்பது. குற்றம் கிராஃபிக்ஸ் கார்டில் இல்லை, பிராசஸரில் இருந்தது. 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும் இன்டெல், பயாஸ் வழியாக வரும் மைக்ரோகோடு திருத்தங்களை வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தை 2 ஆண்டுகள் நீட்டித்தது. பயாஸைப் புதுப்பிப்பதால் இனிமேல் தேய்வதைத் தடுக்கலாம். ஏற்கெனவே தேய்ந்த பிராசஸரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

கண்டறியும் ஒழுங்கு

எதையும் தொடுமுன் முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டுக்கு நகலெடுத்துவிட வேண்டும். வட்டே பழுதாக இருந்தால், சோதனையின்போதே அது உயிர்விடலாம். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ போன்ற கருவியில் மாற்றப்பட்ட செக்டர்களின் எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால், மற்றெதையும் ஆராயுமுன் வட்டை மாற்றுவதே முறை.

அதன்பின் செலவில்லாத சோதனைகள் முதலில், செலவுள்ளவை கடைசியில் என்று போக வேண்டும். பதிவுகளைப் படித்தல், அண்மையில் நிறுவியதை நீக்குதல், ஓவர்கிளாக்கையும் எக்ஸ்எம்பியையும் அணைத்தல், தூசு நீக்கி வெப்பம் பார்த்தல், ரேம் சோதனை என்பது நல்ல வரிசை. அடுத்து பிராசஸருக்கு பிரைம்95, கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஃபர்மார்க் ஆகிய சுமைச் சோதனைகளைத் தனித்தனியே ஓட்டிப் பார்க்க வேண்டும். முதலாவதில் நின்றால் பிராசஸர், குளிர்விப்பு, மதர்போர்டின் மின்பகுதி. இரண்டாவதில் நின்றால் கிராஃபிக்ஸ் கார்டு. இரண்டையும் சேர்த்து ஓட்டும்போது மட்டும் நின்றால் மின்வழங்கி என்று சந்தேகம் குறுகும். உறுதிப்படுத்த, நன்றாக இயங்கும் ஓர் உறுப்பை நண்பரிடமோ கடையிலோ இரவல் வாங்கிப் பொருத்திப் பார்க்கலாம்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதையும் அதன் விளைவையும் தேதியோடு ஒரு தாளில் எழுத வேண்டும். மூன்றை ஒன்றாக மாற்றிப் பழுது நின்றால், எது காரணம் என்பது தெரியாமலே போகும். பழுது திரும்பினால் தேடல் தொடக்கத்துக்கே வந்துவிடும்.

மின்வழங்கியின் பெட்டியை மட்டும் எவரும் வீட்டில் திறக்கக் கூடாது. மின்கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதன் உள்ளிருக்கும் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கக் கூடும். அது உயிருக்கு ஆபத்து. மற்ற உறுப்புகளைக் கழற்றும்போது மின்சாரத்தைத் துண்டித்து, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்திப் பிடித்து, கேபினட்டின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னை வெளியேற்றிய பிறகே கை வைக்க வேண்டும். பழுது இன்னதென்று சோதனை உறுதிசெய்யும்வரை புதிய உறுப்பு எதையும் வாங்காதீர்கள். உத்தரவாதக் காலம் மீதமிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டுக் கடைக்குச் செல்லுங்கள்.