கடல் விட்டுச் சென்ற கொற்கை

மத்தியதரைக் கடல் நாடுகளைச் சுற்றி வந்த நண்பர் ஒருவர், ஸ்ரீவைகுண்டத்தில் என் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, துருக்கி நாட்டு மேலைக் கரையின் சிறப்பைக் கூறிக்கொண்டிருந்தார். தீவுகளையும் அத்திப் பழத்தையும் ஒலிவ எண்ணெயில் பொரித்த மீனையும் வாயாரப் புகழ்ந்தவர், மிலேட்டஸ் என்னும் பழந்துறையைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்தினார். "கப்பல்கள் நின்ற இடத்தைச் சுற்றி இன்று பருத்தி விளைகிறது. மியாண்டர் ஆறு கொணர்ந்த வண்டல் கடலையே அப்பால் தள்ளிவிட்டது. இத்தகைய காட்சி நம் நாட்டில் உண்டோ?" என்று வினவினார். "நாளைக் காலையில் புறப்படுவோம், பொழுது சாய்வதற்குள் காட்டுகிறேன்" என்றேன்.

முதலில் தாமிரபரணியின் தென்கரையில் உள்ள ஆதிச்சநல்லூருக்குச் சென்றோம். 1876-ஆம் ஆண்டில் ஜெர்மானியரான ஜாகோரும், 1899 முதல் 1905 வரை அலெக்சாண்டர் ரீயும் அகழ்ந்த மேடு அது. தாழிகளும், வெண்கலக் கலங்களும், பொன்னாலான நெற்றிப் பட்டங்களும் அங்கே கிடைத்தன. எழுதப்பட்ட வரலாற்றிற்கு முன்னரே இவ்வாற்றங்கரையில் செல்வம் இருந்தது என்பதற்கு அவையே சான்று.

பின்னர் ஏரல் வழியாகக் கொற்கையை அடைந்தோம். வயல்கள், வாழைத் தோட்டங்கள், ஒரு குளம், வெற்றிவேல் நங்கை கோயில், முதுமை எய்திய ஒரு வன்னி மரம். பாண்டியரின் பெருந்துறையில் இன்று காண்பவை இவையே. கடலோ சில கல் தொலைவுக்கு அப்பால் ஒதுங்கிவிட்டது. "துறைமுகம் எங்கே?" என்றார் நண்பர். "நாம் நிற்கும் மண்தான்" என்றேன். தாமிரபரணி ஆண்டுதோறும் கொணர்ந்த வண்டல், தான் வளர்த்த துறையைத் தானே தூர்த்துவிட்டது. 1968-69-இல் தமிழகத் தொல்பொருள் ஆய்வுத் துறையினர் இங்கே அகழ்ந்தபோது கிடைத்த கரித்துண்டு, ஆய்வில் கி.மு. 785-ஐ ஒட்டிய காலத்தைக் காட்டியது.

கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட பெரிப்ளூஸ் என்னும் கடற்பயண நூல், இத்துறையைக் கொல்கொய் என்று குறிக்கிறது. பாண்டிய மன்னனுக்கு உரிய இம்முத்துக் குளிப்பில், தண்டனை பெற்ற குற்றவாளிகளே ஈடுபடுத்தப்பட்டனர் என்றும் அது கூறுகிறது. அதே நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி, இந்தியா ஆண்டுதோறும் ரோமப் பேரரசின் செல்வத்தில் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயங்களை உறிஞ்சிவிடுகிறது என்று வருந்தினார். பொன் போயிற்றே என்று வருந்துவதற்கு ரோமாபுரியில் ஓர் ஆசிரியர் இருந்தார். மூச்சை அடக்கிக் கடலின் அடித்தளம் வரை சென்று மீண்டவர்களில் ஒருவருடைய பெயரையேனும் எழுதி வைத்தவர் எவரும் இலர். முத்தின் புகழைப் பேசும்போதெல்லாம் எனக்கு இக்குறை உறுத்துகிறது.

கொற்கையை விட்டகன்ற கடலைத் துறையும் பின்தொடர்ந்தது. காயல் எழுந்தது, 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அதனைக் கண்டு, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கியதை எழுதினார். காயலும் ஒடுங்கிய பின் தூத்துக்குடி ஓங்கியது. அங்கே போர்ச்சுகீசியரும், 1658 முதல் டச்சுக்காரரும், பின்னர் ஆங்கிலேயரும் சலாபத்தைத் தம் வசமாக்கினர். 1961-இல் நிகழ்ந்ததே அங்கே நடைபெற்ற கடைசி முத்துச் சலாபம்.

மாலையில் தூத்துக்குடிக் கடற்கரையில் மீன் குழம்புச் சோறு உண்டோம். மக்ரூனும் கருப்பட்டிக் காப்பியும் பின்தொடர்ந்தன. ஐரோப்பாவில் பாதாம் பருப்பால் செய்யும் மக்ரூன், இங்கே முந்திரியால் ஆகிவிட்டது என்று நண்பர் வியந்தார். தீவுகளையும் காண விரும்பினார். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் கணக்கிடப்பட்டு, 1986-இல் தேசியப் பூங்காவாக்கப்பட்டன. அனுமதியின்றி அங்கே இறங்குதல் கூடாது. அவற்றுள் இரண்டு கடலுள் மூழ்கிவிட்டன. எதிரே கிடக்கும் வான் தீவும் தேய்ந்து சிறுத்துவிட்டது. அலையைத் தடுத்து நின்ற பவளப் பாறைகளைப் பல்லாண்டுகள் வெட்டியெடுத்ததன் விளைவு அது. அத்தீவைக் காக்கச் செயற்கைப் பாறைகளை இப்போது கடலில் இட்டிருக்கிறார்கள்.

"மிலேட்டஸையும் கொற்கையையும் ஆறு தூர்த்தது, அதற்காக எவரையும் நோவதற்கில்லை" என்றார் நண்பர். "ஆனால் இத்தீவு?" நான் மறுமொழி கூறவில்லை. கொற்கையில் கடல் பின்வாங்கியது ஆற்றின் செயல். வான் தீவில் கடல் முன்னேறியதற்கு நாமே பொறுப்பு. அதனை உணர்ந்து எஞ்சிய தீவுகளையேனும் காப்போமாயின், நமக்குப் பின் வருவோர் அவற்றை நூல்களில் மட்டும் தேட வேண்டியதில்லை.