தியோடர் ஹப்பேக்கின் வேட்டை நூல்களும் தாமான் நெகாராவின் தோற்றமும்

கோலாலம்பூர் பழைய ரயில் நிலையத்தையும் மஸ்ஜித் ஜாமெக்கையும் வடிவமைத்த ஆர்தர் பெனிசன் ஹப்பேக்கைக் கட்டடக்கலை வரலாறு நன்கறியும். அவருடைய தம்பி தியோடர் ராத்போன் ஹப்பேக் (1872–1942) தோட்டக்காரர், வேட்டைக்காரர், எழுத்தாளர். அண்ணனுக்குக் கிடைத்த கவனம் தம்பிக்குக் கிடைக்கவில்லை. மலேசியக் காடுகளின் வரலாற்றில் தம்பியின் எழுத்துக்கே எடை அதிகம் என்பது என் துணிபு.

1905-இல் வெளிவந்த அவரது முதல் நூல், கூட்டு மலாய் மாநிலங்களில் யானையையும் செலாடாங் என்னும் காட்டெருதையும் வேட்டையாடியதைப் பற்றியது. 1912-இல் பகாங்கில் மூன்று மாத வேட்டையை விவரிக்கும் நூல் வந்தது. இடைப்பட்ட 1907-இல் விலங்கியலாளர் ரிச்சர்ட் லிடெக்கர், மலாயாக் காட்டெருதின் துணை இனத்துக்கு ஹப்பேக்கின் பெயரையே சூட்டினார். தான் சுட்ட விலங்கின் அறிவியல் பெயரிலேயே அவர் பெயர் தங்கிவிட்டது.

அவர் வேட்டையாடிய காலம் ரப்பர் பெருகிய காலமும்கூட. சிலாங்கூரிலும் நெகிரி செம்பிலானிலும் ரப்பர்த் தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும்பாலோர் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். காடு சுருங்கச் சுருங்க, யானைகள் இளங்கன்றுகளைப் பிடுங்கித் தின்றன. தோட்ட நிர்வாகங்கள் அவற்றைச் சுட அனுமதி கேட்டன. பயிர்க்காப்பு என்ற பெயரில் யானைகள் சுடப்படுவதை ஹப்பேக் 1920-களில் கடுமையாக எதிர்த்தார். தானே தோட்டக்காரராக இருந்தும் தன் வர்க்கத்தின் நலனுக்கு எதிராக அவர் நின்றது குறிப்பிடத்தக்கது.

இதை மனம் திருந்திய வேட்டைக்காரனின் கதையாகச் சொல்வது வழக்கம். ஆண்டுகளை வரிசைப்படுத்தினால் அக்கதை நிற்காது. அலாஸ்காவின் மேற்குப் பகுதிக்குச் சென்று பெருவிலங்கு வேட்டையாடியதைப் பற்றிய அவரது நூல் 1929-இல் வெளியானது. அதற்கு அடுத்த ஆண்டே, 1930-இல், மலாயா வனவிலங்கு ஆணையத்தின் தலைமையை அவர் ஏற்றார். வேட்டையும் பாதுகாப்பும் அவருக்குள் முரணின்றி ஒன்றாகவே இருந்தன. விலங்கு எங்கே உப்பு நக்கும், எந்தச் சேற்றில் புரளும், எப்போது இடம் பெயரும் என்று கண்டறிந்த அறிவுதான், எவ்வளவு காடு விட்டுவைக்க வேண்டும் என்று வாதாடவும் உதவியது.

ஆணையம் மாநிலம் மாநிலமாகச் சென்று சாட்சியம் கேட்டது. அதன் அறிக்கை 1932-இல் மூன்று தொகுதிகளாக வந்தது. தேசியப் பூங்கா ஒன்று வேண்டும் என்பது அதன் முக்கியப் பரிந்துரை. பகாங்கில் 1925 முதலே கூனோங் தஹான் வேட்டை ஒதுக்கிடம் இருந்தது. அதை அடித்தளமாகக் கொண்டு பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றும் தனித்தனிச் சட்டம் இயற்றின. ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பெயரில் 1938–39-இல் பிறந்த அந்தப் பூங்காதான், விடுதலைக்குப் பின் தாமான் நெகாரா ஆனது. பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். இந்தியாவில் ஜிம் கார்பெட்டின் ஆதரவோடு ஹெய்லி தேசியப் பூங்கா அமைந்தது 1936-இல். வேட்டைக்காரர்கள் முன்னின்ற இவ்விரு முயற்சிகளும் ஏறத்தாழ ஒரே காலத்தவை.

1939-இல் அமெரிக்கப் பாலூட்டியியல் ஆய்விதழில், இரட்டைக் கொம்புக் காண்டாமிருகத்தின் பழக்கவழக்கங்களை ஹப்பேக் விரிவாக எழுதினார். அவர் எழுத்துகளில் நான் மிகவும் மதிப்பது அதைத்தான். அவ்விலங்கு மலேசியக் காடுகளில் இல்லாது போய்விட்டதாக 2015-இல் முடிவு கட்டப்பட்டது. மலேசியக் காப்பகத்தில் எஞ்சிய கடைசிப் பெண் காண்டாமிருகமான இமான் 2019 நவம்பரில் சபாவில் இறந்தது.

தோட்டத் தமிழர் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கூலி, கங்காணி, குடியேற்றம் பற்றிய ஆவணங்களையே நாடுகிறோம். காடு எப்படித் தோட்டமானது, அங்கிருந்த விலங்குகள் என்னவாயின என்று அறிய, 1932 அறிக்கையையும் அவற்றோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.