கடலில் படகு கட்ட யாரைக் கேட்பது?

என் மைத்துனர் மகன் தெற்கு பிரான்சில் துலோன் பக்கம் குடியிருக்கிறான். அவன் அப்பா பிரெஞ்சுக் கடற்படையில் இருந்தவர். புதுச்சேரியில் எங்கள் தெருவில் அவர்கள் வீட்டை இன்றும் ‘சொல்தா வீடு’ என்றுதான் சொல்வார்கள். சில ஆண்டுகளுக்கு முன் அவன் ஆசைப்பட்டு ஒரு சிறு படகு வாங்கினான். துறையில் இடம் கிடைக்கவில்லை. ஒரு சிமெண்டுக் கட்டையைக் கடலடியில் இறக்கி, சங்கிலி மாட்டி, மேலே ஒரு போயாவை மிதக்கவிட்டு, அதில் படகைக் கட்டிவிட்டான். இரண்டாவது கோடையில் அரசாங்கக் கடிதம் வந்தது: அனுமதி இல்லை, கட்டையை எடு.

உடனே எனக்குப் போன். "மாமா, கடல்ல படகு கட்டறதுக்குக்கூடவா சீட்டு வாங்கணும்? கடல் யார் அப்பன் வீட்டுச் சொத்து?"

கோபத்தில் கேட்டாலும் நல்ல கேள்வி. பிரெஞ்சுக்காரர்கள் நானூறு ஆண்டுகளுக்கு மேல் இதற்குப் பதில் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படித்து, பிறகு அரசாங்கத்தில் கோப்பு கட்டியவன் என்பதால் எனக்கு அந்த மொழியும் பழக்கம், அந்தப் புத்தியும் பழக்கம்.

1566இல் மூலேன் நகரில் பிறந்த அரசாணை, ராஜாவின் சொத்தை ராஜாவே விற்க முடியாது என்றது. 1681 ஆகஸ்டில், பதினான்காம் லூயி காலத்தில், கொல்பேர் ஏற்பாட்டில் கடல் சட்டம் வந்தது. பிரான்சுவா மர்த்தேன் நம் புதுச்சேரியில் கால் வைத்து அப்போது ஏழு ஆண்டுதான் ஆகியிருந்தது. கரை என்றால் எது என்று அந்தச் சட்டம் சொல்லிவிட்டது: அமாவாசை பௌர்ணமிக்கு நீர் ஏறி இறங்கும் இடம் முழுவதும், மார்ச் மாதத்துப் பெரிய ஏற்றம் தொடும் எல்லை வரைக்கும். அதில் யாரும் கட்டிடம் கட்டக்கூடாது, கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக முளை அடிக்கக்கூடாது.

மத்தியதரைக் கடலில்தான் சிக்கல். அங்கே ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. அதனால் அந்தப் பக்கத்துக்கு மட்டும் ரோமானியர் காலத்து அளவை, அதாவது குளிர்கால அலை எட்டும் தூரத்தை, வைத்துக்கொண்டார்கள். 1973இல்தான் அவர்களுடைய உச்ச நிர்வாக நீதிமன்றம் எல்லாக் கரைக்கும் ஒரே அளவு என்று தீர்த்தது: அசாதாரணமான புயல் மழை இல்லாத நாளில் கடல் அதிகபட்சம் எதுவரை வருமோ, அதுவரை.

சரி, கரை அரசுடையது. தண்ணீருக்கு அடியில்? 1963 நவம்பரில் வந்த சட்டம் கடலடி நிலத்தையும் பொதுச் சொத்தில் சேர்த்துவிட்டது. மைத்துனர் மகன் மாட்டிக்கொண்டது இங்கேதான். படகில் போகிறவன் வழியில் நங்கூரம் போட்டு இளைப்பாறிவிட்டுப் போனால், அது கடற்பயணத்தின் ஒரு பகுதி. கட்டையை இறக்கி விட்டுவிட்டு வீட்டுக்குப் போனால், அது பொது நிலத்தில் இடம் பிடிப்பது. கடைத்தெருவில் கூடையை இறக்கி மூச்சு வாங்குவதற்கும், நான்கு கழி நட்டுக் கூரை போடுவதற்கும் உள்ள வித்தியாசம். அந்தக் கட்டைக்கு பிரெஞ்சில் ‘கோர்மோர்’ என்று பெயர். நேர்ப்பொருள் ‘செத்த உடம்பு’. அசையாமல் கிடப்பதால் வைத்த பெயராக இருக்கலாம்.

குற்றத்தின் பெயரைத் தமிழில் சொன்னால் ‘பெருஞ்சாலைக் குற்றம்’. கடலில் ஏது சாலை என்று சிரிக்காதீர்கள். பொதுவழியை மறித்தவனுக்கான பழைய பெயர் அது. நிர்வாக நீதிமன்றம் விசாரிக்கும். அபராதத்துக்குக் காலக்கெடு உண்டு. பழைய நிலைக்குக் கொண்டுவா என்ற உத்தரவுக்குக் கெடுவே கிடையாது. "இருபது வருஷமாகக் கட்டுகிறேன்" என்ற வாதம் அங்கே செல்லாது.

அனுமதி வாங்கலாம். ஆனால் அது தற்காலிகமானது. எப்போது வேண்டுமானாலும் ரத்தாகும். ஆள் பெயருக்கு மட்டும் உரியது, படகோடு சேர்த்து விற்க முடியாது, கட்டணமும் உண்டு. 1986 ஜனவரி 3ஆம் தேதி வந்த கடற்கரைச் சட்டம் படகுகளை ஒரே பகுதியில் சேர்த்துக் கட்ட ஏற்பாடு செய்தது. அந்தப் பொறுப்பை ஏற்பதில் உள்ளூர் நகராட்சிக்கு முன்னுரிமை. இடத்தை மீண்டும் பழையபடி ஆக்க முடியாத வேலை எதுவும் செய்யக்கூடாது என்பது நிபந்தனை.

இன்னொரு காரணமும் உண்டு. மத்தியதரைக் கடலுக்கே உரிய பொசிடோனியா என்ற கடற்புல் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர்தான் பரவும். நங்கூரம் ஒரு முறை பிய்த்தால் ஆறப் பல பத்தாண்டுகள். 1988 முதல் பிரான்சில் அதற்குப் பாதுகாப்பு உண்டு. 2019இல் துலோனில் உள்ள கடல் ஆட்சியர் ஆணை போட்டார். அதைத் தொடர்ந்து, அந்தப் புல் இருக்கும் இடங்களில் 24 மீட்டரும் அதற்கு மேலும் நீளமுள்ள உல்லாசக் கப்பல்கள் நங்கூரமிடத் தடை வந்தது. கோடீஸ்வரனுக்கும் தடை என்றதும் நம் பிள்ளைக்குக் கொஞ்சம் ஆறுதல்.

இதையெல்லாம் சொல்லும்போது எனக்கு நம்மூர் நினைவுதான். நமக்குத் துறைமுகமே இருந்ததில்லை. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆணி இல்லாமல் கயிற்றால் தைத்த சலங்கு அலையைத் தாண்டிப் போய்ச் சரக்கும் ஆளும் ஏற்றி வரும். 1866இல் இரும்புப் பாலம் வந்தது, 1952 புயலில் போனது. அப்போதெல்லாம் மீனவருக்குப் படகுத்துறை மணல்தான். கட்டுமரத்தை இழுத்துப் போடுவார்கள், மறுநாள் தள்ளுவார்கள்; முளையும் இல்லை, சீட்டும் இல்லை. பிறகு அரியாங்குப்பத்து ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கற்சுவர் எழுப்பினார்கள். தெற்கிலிருந்து வடக்கே போகும் மணல் அங்கேயே தடைபட்டது. குருசுக்குப்பத்திலும் வைத்திக்குப்பத்திலும் கரை அரித்து, மணலுக்குப் பதில் பாறாங்கல் வந்தது. கட்டுமரத்தை எங்கே இழுப்பது? தனி மனிதன் ஒரு முளை அடித்தால் குற்றம் என்கிற விதி நியாயமானதுதான். பொதுவுக்காகப் போட்ட சுவர் ஒரு குப்பத்தின் கரையையே எடுத்துக்கொண்டபோது அது எந்தக் குற்றம் என்று எந்தக் கோப்பிலும் நான் படித்ததில்லை.

மைத்துனர் மகன் முக்குளிப்பவரைக் கூலிக்கு வைத்துக் கட்டையை எடுத்துவிட்டான். இப்போது படகு வீட்டு முற்றத்தில், தார்ப்பாய் போர்த்தி. இடத்துக்கு எழுதிக் கொடுத்துக் காத்திருக்கிறான். போன மாதம் பேசும்போது கேட்டான்: "மாமா, நீங்க ஆபீசுல இருந்தப்ப இந்த மாதிரி லிஸ்ட்டெல்லாம் நகருமா?"

அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டேன்.