கள்ளுக்கடை ஸ்டாப்

தஞ்சாவூரிலிருந்து எங்கள் ஊருக்குப் போகும் டவுன் பஸ்ஸில் கண்டக்டர் இன்றைக்கும் "கள்ளுக்கடையெல்லாம் இறங்கு" என்றுதான் குரல் கொடுக்கிறார். இறங்கினால் ஒரு வாய்க்கால் மதகு, ஒரு புளியமரம், செல்போன் ரீசார்ஜ் செய்யும் ஒரு பெட்டிக்கடை. கள்ளுக்கடை இல்லை. 1987 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் கள் விற்கத் தடை வந்தது. அந்தப் பொங்கலுக்குள் கொட்டகையைப் பிரித்துவிட்டார்கள் என்று என் அப்பாயி சொல்லும். கீற்று ஒருவர் வீட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனது, பெஞ்சு டீக்கடைக்குப் போனது.

அப்பாயி அந்தக் கடைக்குள் ஒருநாளும் கால் வைத்ததில்லை. ஆனால் கடை இருந்த ஐந்தரை வருஷமும் அதன் வாசலில் உட்கார்ந்திருந்தது. நடவும் அறுப்பும் இல்லாத மாதங்களில் வயல் நண்டு, நத்தை, அவித்த மொச்சை என்று தொட்டுக்கொள்ள ஏதாவது செய்து எடுத்துப் போகும். காரம் தூக்கலாக இருந்தால் கள் கூடுதலாக ஓடும் என்பதால் கடைக்காரர் விரட்டவில்லை. வாடகையும் கேட்கவில்லை. இரவு மீந்ததை மட்டும் எடுத்துக்கொள்வார்.

அந்தக் கடை 1981இல் வந்தது. எம்.ஜி.ஆர். அரசு அந்த ஆண்டுதான் கள், சாராயக் கடைகளை மறுபடி திறந்தது. கள் ஒரு விசித்திரமான சரக்கு. மரமேறி காலையிலும் மாலையிலும் ஏறிப் பாளையைச் சீவிவிட்டு, வடிந்ததை இறக்குவார். இறக்கிய சில மணி நேரத்தில் புளிப்பு ஏறும், வைத்திருந்தால் காடியாகிவிடும். தூரம் அனுப்ப முடியாது. மரம் நிற்கும் ஊரிலேயே விற்று, அங்கேயே குடித்துத் தீர்க்க வேண்டும். ஆகவே கடை கூலியாட்கள் திரும்பும் வழியில் இருந்தது. எங்கள் ஊரில் மூன்று பக்கத்து வரப்புகளும் ரோட்டில் ஏறுகிற இடம் இந்த மதகுதான்.

இங்கே அறுப்புக் கூலி நெல்லாகத்தான் வரும். களத்தில் மரக்காலால் அளந்து போடுவார்கள். அறுப்புக் காலத்தில் கடைக்காரர் நெல்லையும் வாங்கிக்கொண்டார், ஆனால் அளவு அவருடையது. புருஷன் கையில் நெல் மூட்டை இருந்தால் வீடு வந்து சேருவதற்குள் பாதியாகிவிடும் என்று பெண்களுக்குத் தெரியும். அதனால் தங்கள் கூலியை முந்தானையில் கட்டிக்கொண்டு மதகுப் பக்கம் வராமல், வாய்க்காலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் அக்கரை ஏறிப் போவார்கள். அப்பாயியும் அறுப்பு நாட்களில் அப்படித்தான் போனது. அந்த நாட்களில் அதற்குக் கடை கிடையாது, தாத்தாவுக்கு உண்டு. தாத்தா குடித்துவிட்டு அடித்த கதைகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. படிக்கிற பெரும்பாலோருக்கு அவை தெரியும்.

தமிழ்நாட்டில் மதுவின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதலமைச்சர்களின் பெயர்களைக் கொண்டு எழுதுகிறார்கள். 1937இல் ராஜாஜி சேலத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். இழந்த வருவாயை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு. 1971இல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியபோது, தொண்ணூறு வயதைத் தாண்டிய ராஜாஜி அவர் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று கேட்டதை மேடைதோறும் சொல்வார்கள். 1973இல் கள்ளுக்கடைகளும் 1974இல் சாராயக்கடைகளும் மறுபடி மூடப்பட்டன. ஒவ்வொரு முறை மூடும்போதும் தாய்மார்களின் கண்ணீர் என்று பேசினார்கள். திறக்கும்போது வருவாய் என்றார்கள்.

பெண்கள் பெயரோடு வருகிற இடம் ஒன்று உண்டு. 1921, ஈரோடு. கள்ளுக்கடை மறியலில் பெரியார் சிறைக்குப் போனதும் அவருடைய மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் மறியலை நடத்தினார்கள். மறியலை நிறுத்தும்படி கேட்டபோது, அது என் கையில் இல்லை, ஈரோட்டிலுள்ள இரண்டு பெண்களின் கையில் இருக்கிறது என்ற பொருளில் காந்தி பதில் சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. தன் தோப்பில் பெரியார் ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னைகளை வெட்டிய கதைதான் எல்லோருக்கும் தெரிகிறது. வெட்டுப்பட்ட மரங்களுக்குக் கிடைத்த புகழ் வாசலில் நின்ற பெண்களுக்குக் கிடைக்கவில்லை.

எனக்கு அப்பாயியின் இடம்தான் குழப்பமாக இருந்தது. அது நாகம்மையார் நின்ற இடத்திலும் இல்லை, கடைக்காரர் பக்கத்திலும் இல்லை. கடையால் அடிபட்டது, கடையால் பிழைத்தது. கல்லூரியில் படித்தபோது இதை ஒரு முரண்பாடு என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கூலி வேலை செய்கிற பெண்ணுக்கு ஊரில் எந்த இடம்தான் ஒரே முகத்தோடு இருந்தது? வயலே அப்படித்தான்.

1987இல் கள்ளோடு சாராயமும் தடைபட்டது, ஆனால் குடி நிற்கவில்லை. இதைத்தான் நாம் மறந்துவிட்டோம். இடையில் மறுபடி வந்த சாராயத்தை 1991இல் ஜெயலலிதா அரசு நிறுத்தியது. பாட்டில் சரக்கின் மொத்த விற்பனைக்கு 1983இலேயே டாஸ்மாக் தொடங்கியாகிவிட்டது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. தாத்தா ஒருநாள்கூடக் குடியை நிறுத்தவில்லை. மதகிலிருந்து இரண்டு மைல் நடந்து சாராயம் குடித்தார், பிறகு பிராந்தி குடித்தார். கள்ளின் போதை ஏறக்குறைய பீரின் போதைதான். பிராந்தியில் நூற்றுக்கு 42.8 பங்கு ஆல்கஹால். நின்றுபோனது மரமேறியின் வேலையும் அப்பாயியின் வியாபாரமும்தான். பார்களில் நண்டு வறுக்கிற வேலை ஆண்களுக்குப் போனது.

நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அடுத்த ஏப்ரலில் மாநிலத்தில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. மூடியவற்றை ஊருக்குள் கொண்டுவரப் பார்த்தபோது பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் போலீஸ் அதிகாரி ஒருவர் ஒரு பெண்ணை அறைந்ததை நாடே பார்த்தது. பல ஊர்களில் பெண்களே கடைகளை அடித்து நொறுக்கினார்கள். அரசு மூடிய கடைகளுக்கு அரசாணை எண் உண்டு. பெண்கள் உடைத்த கடைகளுக்கு வழக்கு எண்தான் உண்டு. 2023-24இல் டாஸ்மாக் வருவாய் 45,000 கோடி ரூபாயைத் தாண்டியது.

இப்போது மறுபடி கள் பற்றிய பேச்சு. 2018 கஜா புயல் பட்டுக்கோட்டை, பேராவூரணித் தோப்புகளைச் சாய்த்த பிறகு தென்னை விவசாயிகளின் கோரிக்கைக்கு இன்னும் வலு வந்திருக்கிறது. அதில் நியாயம் இருக்கிறது. கேரளத்தில் விற்கலாம், இங்கே விற்றால் குற்றம் என்பதற்கு எனக்கும் பதில் தெரியாது. ஆனால் மேடைகளில் கள் உணவு, கள் மரபு, கள் உரிமை என்று கேட்கும்போது, கூலி நெல்லோடு வாய்க்காலில் இறங்கிய பெண்கள் எந்த மரபில் சேர்த்தி என்று கேட்கத் தோன்றுகிறது. உரிமம் கொடுத்தால் யாருக்குக் கொடுப்பார்கள், வாசலில் உட்கார யாரை விடுவார்கள் என்று எவரும் பேசி நான் கேட்டதில்லை.

கொட்டகையைப் பிரித்த அன்று சந்தோஷமாக இருந்ததா என்று அப்பாயியிடம் ஒருமுறை கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தது.

"நம்ம வீட்டுத் தாழ்வாரம் அப்ப சரிஞ்சு கெடந்துச்சு. ஒரு மூங்கில் குடுங்கன்னு கேட்டேன் ஆயி. குடுக்கல."